உதவி: வீடியோக்கள் எல்லாம் ஒரே தேதியில் வந்து நிற்கின்றன

வெளிச்சக்கீற்று: பழைய படங்களையெல்லாம் கேட்டலாகில் (படங்களை அடுக்கிவைக்கும் மென்பொருள்) ஏற்றிக்கொண்டிருக்கிறேன். போட்டோக்கள் எடுத்த தேதிப்படி ஒழுங்காக அடுக்கிக்கொள்கின்றன. வீடியோக்கள் மட்டும் மொத்தமாகப் போன மாதத்தில் குவிந்துவிட்டன. தேதி அழிந்துவிட்டதா? அவசரம், யாராவது சொல்லுங்கள்.

நத்தை: என்ன கேமரா? ஃபைல் பெயரின் கடைசியில் என்ன இருக்கிறது? எதைக் கொண்டு காப்பி செய்தீர்கள்?

கறுப்புத்திரை: கேமரா உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி செத்திருக்கும். கடிகாரம் நின்றுபோனால் இப்படித்தான்.

நத்தை: அதே கேமராவில் எடுத்த போட்டோக்களுக்குத் தேதி சரியாக இருக்கிறதே!

கறுப்புத்திரை: அதே கேமரா என்று அவர் எங்கே சொன்னார்?

மூத்தகுடி: வாரம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். தேடிப் பார்க்கும் பழக்கமே ஒழிந்துவிட்டது. போட்டோவில் எடுத்த தேதியைச் சொல்லும் எக்ஸிஃப் குறிப்பு உண்டு. வீடியோவில் ஒவ்வொரு வகைக்கும் தேதி இருக்கும் இடம் வேறு. அது கிடைக்காவிட்டால் மென்பொருள் ஃபைலைத் திருத்திய தேதியை எடுத்துக்கொள்ளும். இதுகூடத் தெரியாமல் கேட்டலாக் எதற்கு?

வெளிச்சக்கீற்று: ஃபைல் பெயரின் கடைசியில் எம்டிஎஸ். கொஞ்சம் எம்பி4-உம் உண்டு, அவை நான் எம்டிஎஸ்-இலிருந்து மாற்றியவை. காப்பி செய்தது லினக்ஸில், சிபி கட்டளையால்.

நத்தை: அப்படியென்றால் கவலை வேண்டாம். சிபி-யுடன் பழைய தேதியைக் காக்கும் -பி சேர்க்காவிட்டால் காப்பி செய்த நேரமே திருத்திய தேதியாகிவிடும். எம்டிஎஸ் ஃபைல் தரும் ஏவிசிஎச்டி வகை கேமராக்கள் எடுத்த தேதியை எச்.264 ஓடைக்குள்ளேயே (சுருக்கிய வீடியோ தரவு) எழுதிவைக்கும். பல மென்பொருள்கள் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை, எக்ஸிஃப்டூல் என்ற கருவி பார்க்கும். ஒரு ஃபைலில் ஓட்டி, டேட்டைம்ஒரிஜினல் (எடுத்த நேரம்) என்ற வரி வருகிறதா பாருங்கள். வந்தால் அந்த மதிப்பை ஃபைல்மாடிஃபைடேட்டுக்கு (ஃபைலைத் திருத்திய தேதி) மாற்றிவிட்டு, கேட்டலாகில் மறுபடி ஏற்றுங்கள். எம்டிஎஸ்-இன் உள்ளே எக்ஸிஃப்டூலால் எழுத முடியாது. வெளித்தேதியை மட்டும்தான் மாற்றலாம்.

வெளிச்சக்கீற்று: வருகிறது! ஆனால் எம்பி4 ஒன்றைத் திறந்தால் 1904 என்று காட்டுகிறது. 1904-இல் யார் வீடியோ எடுத்தார்கள்?

நத்தை: எம்பி4-இல் தேதி என்பது 1904 ஜனவரி 1 முதல் எண்ணிய நொடிகள். மாற்றும்போது அந்த இடத்தில் பூஜ்யம் விழுந்திருக்கிறது. அசல் எம்டிஎஸ் இருந்தால் அதிலிருந்து எடுத்து எம்பி4-இன் உள்தேதியான கிரியேட்டேட்டில் எழுதலாம். எம்பி4-இல் எழுத முடியும். அசலை அழிக்கவில்லையே?

மூத்தகுடி: எழுதும்போது யுடிசி-யாக (உலகப் பொது நேரம்) எழுத வேண்டும். விதி அதுதான்.

கறுப்புத்திரை: விதி ஏட்டில்தான் சார். பாதி கேமராக்கள் உள்ளூர் நேரத்தைத்தான் அப்படியே போட்டுவைக்கின்றன.

மூத்தகுடி: பிறர் தப்பாகச் செய்தால் நாமும் செய்வதா? இதனால்தான் நள்ளிரவை ஒட்டி எடுத்தவை பக்கத்து நாளுக்குத் தாவுகின்றன.

கறுப்புத்திரை: கேட்டலாக் எதை எதிர்பார்க்கிறதோ அதைத்தானே எழுத வேண்டும்? ஒன்றை மாற்றி ஏற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மரப்பாச்சி: இரண்டு பேரும் விடுங்கள். தேதியை ஃபைல் பெயரிலேயே வைத்துவிட்டால் எந்த மென்பொருளும் தின்ன முடியாது. நான் அப்படித்தான்.

மூத்தகுடி: பெயரில் வைத்தால் எந்த நேர மண்டலம் என்று எப்படித் தெரியும்?

வெளிச்சக்கீற்று: எம்டிஎஸ் எல்லாம் அதனதன் தேதிக்குப் போய்விட்டன. நன்றி நத்தை. அசல் இல்லாத எம்பி4 சில இருக்கின்றன, அப்புறம் பார்க்கிறேன்.

நத்தை: அவற்றில் எச்.264 ஓடையை அப்படியே நகலெடுத்திருந்தால் தேதி உள்ளே இன்னும் இருக்கலாம். எதைக் கொண்டு மாற்றினீர்கள்?

கறுப்புத்திரை: மூத்தகுடி சார், நேர மண்டலத்தையும் பெயரிலேயே சேர்த்தால் போயிற்று.