காட்டுக்குதிரையா, காடுசேர் குதிரையா?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். குழுவில் ஒருவர் எழுதியது:

> அமெரிக்காவில் உடையவரின்றித் திரியும் மஸ்டாங் குதிரையைக் "காட்டுக்குதிரை" என்றே எழுதிவிடலாம். மாணவர்களுக்குப் புரியும்.

புரியும் ஐயா, தவறாகப் புரியும். காட்டுமாடு நம் மாட்டுத் தொழுவத்திலிருந்து ஓடிப்போனதா என்ன? தனி இனம். சென்ற மாதம் இங்கே சிங்கப்பூரில், புலாவ் உபின் தீவில் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒரு சேவலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாம்பல் நிறக் கால், காதோரம் வெள்ளைத் திட்டு. அது காட்டுக்கோழி. எங்கள் புளோக்கின் கீழே மேயும் மஞ்சள்கால் வீட்டுச் சேவலை அப்படி அழைக்க எனக்கு வாய் வரவில்லை.

மஸ்டாங்கின் முன்னோர், 16ஆம் நூற்றாண்டு முதல் ஸ்பானியர் கப்பலில் கொண்டுவந்த பழகிய குதிரைகள். அவிழ்ந்துபோய்ப் பெருகியவை. யாழ்ப்பாணத்தார் வீடுகளில் "கட்டாக்காலி" என்ற அருமையான சொல் உண்டு. ஆனால் கட்டாக்காலி மாட்டைத் தேடிக்கொண்டு உடையவர் வருவார். மஸ்டாங்கைத் தேடி யார் வருவார்? எனவே காட்டுக்கு ஏகியது என்ற பொருளில் "காடேகிக் குதிரை" என்கிறேன்.

அடுத்த சிக்கல், அது அந்த மண்ணுக்குரியதா என்பது. "நாட்டுக் குதிரை" வேண்டாம். நாட்டுக்கோழி கூடையில் அடைவது. மண்ணுக்கு இயல்பாக உரியது இயல் இனம், மனிதர் வெளியிலிருந்து கொண்டுவந்தது அயல் இனம் என்ற இணை கையிலேயே இருக்கிறது. குதிரைதான் இரண்டிலும் அடங்க மறுக்கிறது. குதிரைப் பேரினம் தோன்றியதே வட அமெரிக்காவில். சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே அற்றுப்போய், மனிதன் கையால் திரும்பியது. அதைக் காக்கும் 1971ஆம் ஆண்டுச் சட்டமும் இயல் இனம் என்று சொல்லிக் காக்கவில்லை. மேற்குப் பகுதி வரலாற்றின் உயிருள்ள சின்னம் என்றுதான் காக்கிறது. நம் கடமானும் 1940களில் சிங்கப்பூரில் அற்றுப்போனதாகக் கருதப்பட்டது. இன்று மண்டாய்ப் பக்கம் திரிபவை, 1970களில் அடைப்பிலிருந்து தப்பியவற்றின் வாரிசுகள். இரண்டையும் "மீள்வரவு இனம்" எனலாமா?

மறுமொழி:

அம்மா, "காடேகி"யை வீட்டில் உரக்கப் படித்தேன். "காட்டேரியா, தாத்தா?" என்றாள் பேத்தி. "காடுசேர் குதிரை" எனலாமே. வினைத்தொகை என்பதால், என்றோ காடு சேர்ந்த பாட்டிக் குதிரைக்கும் நாளை சேரப்போவதற்கும் ஒரே சொல் போதும். மஸ்டாங் திரியும் வறண்ட நெவாடாவில் ஏது காடு என்று யாரேனும் கேட்டால், கொங்கு நாட்டில் சோளம் விதைக்கும் மேட்டு நிலமும் காடுதான் என்று சொல்லுங்கள்.

"மீள்வரவு" கடமானுக்குச் சரி. முப்பது ஆண்டு இடைவெளி. விட்டுப்போன காடு இன்னும் இருந்தது. பத்தாயிரம் ஆண்டு கழித்து வந்த குதிரைக்கும் அதே பெயரைச் சூட்டினால், அது இயல் இனமா அயல் இனமா என்று அங்கே இன்னும் நடக்கும் வழக்குக்கு இங்கே உட்கார்ந்து நாம் தீர்ப்பு எழுதியதாகிவிடும். குதிரைக்கு வேறு சொல் தாருங்கள்.