அப்டேட்: பாப்பாவுக்கு பல்லு, ராத்திரி அழுகை

முன்னாடி கேட்டிருந்தேன்ல, ஏழு மாசப் பாப்பா பல்லு முளைக்கிற வலியில ராத்திரி முழுக்க அழறா, மரத்துப்போற ஜெல் தடவலாமான்னு. டாக்டர் வேணவே வேணாம்னுட்டாங்க, அதுல இருக்கிற பென்சோகைன் ரத்தத்துல ஆக்சிஜன் போறத கெடுத்துடுமாம், ரெண்டு வயசுக்குள்ள தடவாதீங்கன்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018லயே எச்சரிச்சிருக்கு. இப்போ சுத்தமான துணிய நனைச்சு ஃப்ரிட்ஜுல வெச்சு (ஃப்ரீசர்ல இல்ல) கடிக்கக் கொடுக்கிறேன், அப்புறம் கைய நல்லா கழுவிட்டு கீழ் ஈறை விரலால மெதுவா அமுக்கி விட்டா சொக்கிப்போய் விரலக் கடிச்சுக்கிட்டே தூங்கிடறா, வெள்ளையா ஒரு முனை கூட தட்டுப்படுது. தேன் தடவச் சொன்னவங்களுக்கு, ஒரு வயசுக்கு முன்னாடி தேனே கூடாதுங்க, மாமியார்கிட்டயும் அதான் சொன்னேன், மூஞ்சி கொஞ்சம் சுருங்குச்சு, பரவால்ல. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல காய்ச்சல் அடிச்சா மட்டும் பல்லுதான்னு விட்டுடாம டாக்டர்கிட்ட காட்டிடுங்க.