கிட்டப்பா இசைத்தட்டை மாசிக் களரியில் போடலாமா, வேண்டாமா?

கடற்கரைக்காரன்:
இன்று டிசம்பர் 2. நாடக மேடைப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல் போய்ச் சேர்ந்த நாள். செங்கோட்டையில் 1906இல் பிறந்தவர், 27 வயதில் கதை முடிந்துவிட்டது. எங்கள் ஊர் தேவிபட்டினம் பக்கம். வருகிற மாசிக் களரிக்கு, அதாவது மாசி மாதக் கோயில் திருவிழாவுக்கு, வழக்கம்போல வள்ளி திருமணம் நாடகம் பேசியிருக்கிறோம். நாடகம் தொடங்க எப்படியும் பதினொன்று ஆகிவிடும், அதுவரை குத்துப்பாட்டு அலறும். அதில் ஒரு அரை மணி நேரம் மட்டும் கிட்டப்பா பாடின ரெக்கார்டுகளைப் போடலாமே என்று கமிட்டியில் சொன்னேன். சிரிக்கிறார்கள். நீங்களே சொல்லுங்கள்.

உப்பளத்தான்:
சிரிக்காமல் என்ன செய்வார்கள்? சின்ன வயதில் செத்தால் எல்லோரும் மேதைதான் அண்ணே. தமிழில் பேசும்படம் 1931இலேயே வந்துவிட்டது, இவர் ஒன்றில்கூட நடிக்கவில்லை. மிஞ்சியது கரகர தட்டு, ஒரு பக்கம் மூன்றரை நிமிடம் ஓடினால் அதிகம். விடிய விடிய மேடையில் நின்றவரை அந்த மூன்றரை நிமிடத்தை வைத்து ஆகா ஓகோ என்பது, சாம்பிள் உப்பை நக்கிவிட்டுப் பாத்தி முழுவதற்கும் விலை சொல்கிற மாதிரி இருக்கிறது.

அரைக்கட்டை:
தம்பி, நான் முப்பது வருடம் ஸ்பெஷல் நாடகத்துக்கு, அதாவது நடிகர்களைத் தனித்தனியே அழைத்துத் திருவிழாவில் போடும் நாடகத்துக்கு, ஆர்மோனியம் வாசித்தவன். முருகன் வேடன் வேஷத்தில் வள்ளியைப் பார்த்துப் பாடுகிற 'காயாத கானகத்தே' நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய பாட்டு. எந்த ஊர் ராஜபார்ட்டாக, அதாவது கதாநாயக நடிகனாக, இருந்தாலும் அந்த முதல் 'கா'வை எடுக்கும்போது முகத்தைக் கொஞ்சம் மேலே தூக்குவான், தூக்கிக்கொண்டே என் பக்கம் ஓரக்கண்ணால் பார்ப்பான், சுருதியை விடாதே என்று அர்த்தம். ஏன் அந்தப் பயம்? கிட்டப்பா அதை அப்படிப் பாடி வைத்துவிட்டுப் போனதுதான். அவர் தட்டை வாழ்நாளில் கேட்டிராத பையன்கூட வாத்தியாரிடம் கேட்டு, வாத்தியார் அவருடைய வாத்தியாரிடம் கேட்டு, அந்தப் பிருகாவை, அந்த வேகமான சுரச் சுழற்சியை, அரைகுறையாகவாவது தொண்டையில் வைத்திருக்கிறான். அவர் காலத்தில் மைக் கிடையாது. இப்போது மைக்கைக் கடித்துக்கொண்டு பாடியும் பின்வரிசைக்கு ஒரு சொல்லும் விளங்குவதில்லை.

உப்பளத்தான்:
ஐயா, உங்கள் அனுபவத்துக்கு வணக்கம். ஆனால் அந்தத் தட்டை எந்த வேகத்தில் ஓட்டிக் கேட்டீர்கள்? நிமிடத்துக்கு 78 சுற்று என்பது பேருக்குத்தான். 82, 83 என்று ஓடினால் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும், ஆர்மோனியத்தில் அடுத்த கட்டைக்கே போய்விடும், பிருகாவும் பறக்கும். நெட்டில் ஏற்றி வைத்திருப்பதைப் பாதிப் பேர் சரிபார்க்கவே இல்லை. நீங்கள் கும்பிடுவது கிட்டப்பாவையா, மோட்டாரையா?

அரைக்கட்டை:
நல்ல கேள்வி, என் பெயரையே இழுத்துவிட்டாய். சரி, வேகத்தைக் குறைத்து ஓட்டு. சுருதி இறங்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் ஒரே மூச்சில் பாடின இடம் அதே ஒரே மூச்சில் இன்னும் நீளமாகும். அதையும் நெட்டில் போட்டுக் கேட்டுவிட்டு வா.

கடற்கரைக்காரன்:
எங்கள் வீட்டில் தாத்தா கொழும்புக் கடையில் வேலை பார்த்தபோது வாங்கிய தட்டு ஒன்று இருக்கிறது. ஓரத்தில் மயிரிழை விரிசல். ஓடும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் டொக், டொக் என்று வள்ளத்துக்கு ஆணி அடிக்கிற மாதிரி சத்தம். முதல் தடவை அந்த டொக்கைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். மேல் ஸ்தாயிக்குப் போனதும் எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

அப்புறம் இன்னொன்று, கிட்டப்பா கொழும்பில் நாடகம் போடப் போனதும் நம் தனுஷ்கோடி வழியாகத்தானே? 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு தனுஷ்கோடி வரை போட் மெயில் ரயில், அங்கே இறங்கினால் தலைமன்னாருக்குக் கப்பல்.

உப்பளத்தான்:
கூட நின்று டிக்கெட் எடுத்தீர்களா? தூத்துக்குடியிலிருந்தும் கொழும்புக்குக் கப்பல் இருந்தது. ஊர்ப் பெருமைக்காக ஆளைத் தனுஷ்கோடியில் இறக்காதீர்கள்.

தொண்டி மருமகள்:
கட்டையிலும் கப்பலிலுமே சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள். கொழும்பில் யாரோடு சேர்ந்து நடித்தார் என்று ஒருவரும் சொல்லவில்லையே. கே.பி. சுந்தராம்பாள். இருவரும் சந்தித்ததே அங்கேதான், 1927இல் கல்யாணம். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே ஊரில் மனைவி உண்டு. பிறகு சண்டை, பிரிவு, இந்த அம்மா எழுதிய கடிதங்கள், அவருடைய குடி. அவர் இறந்தபோது அம்மாவுக்கு 25 வயது. வெள்ளைச் சேலை கட்டியவர் 1980இல் சாகும்வரை மாற்றவில்லை, ஆண் நடிகருக்கு ஜோடியாக நடிக்கவும் இல்லை. 1935இல் நந்தனார் படத்துக்குக் கூப்பிட்டபோதும் ஆண் வேஷத்தில் நந்தனாராகவே நடித்தார். கிட்டப்பா 27 வயதோடு தப்பித்தார், மிச்சம் 47 வருடத்தைச் சுமந்தது யார்? பாட்டைப் போடுங்கள், எனக்கும் பிடிக்கும். ஆனால் 'தெய்வப் பிறவி' என்று மைக்கில் ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவேன்.

அரைக்கட்டை:
அம்மா, சாமி கும்பிட வந்த இடத்தில் செத்த மனிதனின் குறையைப் பேசுவதா? அந்த அம்மாளே கடைசிவரை அவரை விட்டுக்கொடுக்கவில்லை.

தொண்டி மருமகள்:
அவர் விட்டுக்கொடுக்காதது அவருடைய மனசு ஐயா, அதை வைத்து நாம் கணக்கை மூடக்கூடாது. அதே களரியில் வள்ளியும் நாரதரும் ஒரு மணி நேரம் தர்க்கம் பண்ணலாம், பபூன் நடுராத்திரியில் வாய்க்கு வந்ததைப் பேசலாம், நான் அந்த அம்மாவைப் பற்றி இரண்டு வரி சேர்க்கச் சொன்னால் சாமிக் குற்றமா?

அரைக்கட்டை:
பபூனைச் சொல்லி என் வாயை அடைத்துவிட்டீர்கள். குடியைப் பற்றி நானும் கொஞ்சம் சொல்லலாம். எங்கள் நாடக செட்டில் எத்தனை நல்ல தொண்டை அதில் போனது என்று என் ஆர்மோனியப் பெட்டிக்குத் தெரியும். அதனால்தானோ என்னவோ கிட்டப்பாவைப் பற்றி அதை யாராவது எடுத்தாலே எனக்குக் கோபம் வருகிறது.

உப்பளத்தான்:
சரி, நான் கொஞ்சம் இறங்கி வருகிறேன். வேகத்தைக் குறைத்து இப்போதுதான் கேட்டேன். சுருதி இறங்கினாலும் ஆள் இறங்கவில்லை. மேதையா என்ற சந்தேகம் எனக்கு இன்னும் இருக்கிறது, ஆனால் மூச்சு விஷயத்தில் ஐயா சொன்னது சரி. ஒன்றே ஒன்று, இரைச்சல் நீக்கிய பதிப்பைப் போடாதீர்கள், கரகரப்போடு சேர்த்துக் குரலில் பாதியையும் சுரண்டி எடுத்துவிட்டார்கள்.

கடற்கரைக்காரன்:
அப்படியென்றால் தாத்தா தட்டே போகட்டும், டொக்கோடு. மைக்செட்டுக்காரரிடம் கிராமபோன் குழாய்க்கு முன்னால் ஒரு மைக் வைக்கச் சொல்கிறேன். அதற்கடுத்து சுந்தராம்பாள் அம்மா தனியாகப் பாடியது ஒன்று. முன்னால் பேசப்போகிற இரண்டு வரியைத் தொண்டி அக்காவே எழுதித் தரட்டும்.

தொண்டி மருமகள்:
எழுதித் தருகிறேன். நோட்டீஸில் யார் பேர் முதலில்?