பசோலினியிடம் உடல் யாருக்குச் சொந்தம்?

கேள்வி:

இத்தாலிய எழுத்தாளரும் திரைப்பட இயக்குநருமான பியர் பாவ்லோ பசோலினியின் எழுத்துகளையும் படங்களையும் சில மாதங்களாகச் சேர்த்துப் படித்தும் பார்த்தும் வருகிறேன். ஓரிடத்தில் இடறி நிற்கிறேன். 1971 முதல் 1974 வரை 'டெக்கமரான்', 'கான்டர்பரி கதைகள்', 'ஆயிரத்தொரு இரவுகள்' என மூன்று படங்களில் உடலையும் காமத்தையும் கூச்சமின்றிக் கொண்டாடியவர், 1975 ஜூனில் அம்மூன்றையும் துறப்பதாக எழுதுகிறார். அவ்வாண்டே அவர் எடுத்த 'சலோ'வில் பிரபு, ஆயர், நீதிபதி, தலைவர் என்னும் நால்வர் ஒரு மாளிகையில் இளையோரை அடைத்துவைத்துச் சிதைக்கிறார்கள். அங்கே காமத்தில் மகிழ்ச்சியின் சாயல்கூட இல்லை. இத்தாலியில் 1970இல் விவாகரத்துச் சட்டம் வந்து, 1974 வாக்கெடுப்பில் ஏறத்தாழ 59 விழுக்காட்டினர் அதைக் காத்து நின்ற காலம் அது. கட்டுகள் இறுகியிருந்தபோது உடலைப் பாடியவர், அவை தளர்ந்த வேளையில் ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்?

மறுமொழி 1:

கட்டுகள் தளர்ந்தன என்று நீங்கள் சொல்வதைத்தான் அவர் ஏற்கவில்லை. பாசிசத்தால் இயலாததை நுகர்வுச் சமூகம் செய்து முடித்துவிட்டது என்று 1973 டிசம்பரில் 'கொரியேரே தெல்லா சேரா' நாளிதழில் எழுதினார். முசோலினி மக்களுக்குச் சீருடை மாட்டினார். அதைக் கழற்றியதும் அவரவர் பேச்சும் நடையும் சிரிப்பும் அவரவரிடமே இருந்தன. பின்னால் வந்த அதிகாரமோ எதையும் தடுக்காமல், இப்படி உடுத்து, இப்படிக் காதலி, மகிழ்ச்சியாக இரு என்று ஆசையையே அளவெடுத்துத் தைத்துக் கொடுத்தது. காமம் உரிமையாக இருந்த நிலை போய்க் கடமையாகிவிட்டது என்பதே அவருடைய வேதனை என்று நான் புரிந்துகொள்கிறேன்.

'சலோ'வின் கதை பாசிச ஆட்சியின் இறுதிக் காலமான 1944-45இல் நடந்தாலும் அதன் இலக்கு 1975தான். இறுதிக் காட்சியை நினைத்துப் பாருங்கள். கீழே முற்றத்தில் கொலைகள் நடக்கின்றன. நால்வரும் முறைவைத்துச் சன்னலருகே நாற்காலியில் அமர்ந்து பைனாகுலரில் பார்க்கிறார்கள். அலறல் நமக்குக் கேட்பதில்லை. வானொலி இசைக்கு இரண்டு இளம் காவலர்கள் கைகோத்து ஆடுகிறார்கள். உன் காதலியின் பெயர் என்ன என்று ஒருவன் கேட்க, மார்கெரீத்தா என்கிறான் மற்றவன். அத்துடன் படம் முடிகிறது. கொலைகளைவிட அந்த நடனத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுமொழி 2:

முன்னவர் சொன்னதில் பெரும்பகுதி சரியே. ஆனால் பசோலினி இழந்துவிட்டதாகப் புலம்பிய மாசற்ற உடல் யாருடையது? பெரும்பாலும் ரோமின் புறநகர்ச் சேரிகளில் வாழ்ந்த ஏழை இளைஞர்களுடையது. படித்தவர், புகழ் பெற்றவர் ஒருவர் பிறரது வறுமையில் தூய்மையைக் காணும்போது, அந்தப் பார்வையிலேயே ஓர் அதிகாரம் இருக்கிறது.

இதில் வியப்பு என்னவென்றால், அவருடைய 1955 நாவலான 'ரகாட்சி தி வீத்தா' அவருடைய பிற்காலக் கட்டுரைகளுக்கு முன்கூட்டியே மறுப்புச் சொல்லிவிடுகிறது. தொடக்கத்தில் ரிச்செத்தோ என்ற சிறுவன், டைபர் ஆற்றில் தத்தளிக்கும் ஒரு தகைவிலான் குருவிக்காகப் படகிலிருந்து குதித்து, அதன் ஈரச் சிறகு காயும்வரை கையில் வைத்திருந்து பறக்கவிடுகிறான். இறுதியில் ஜெனேசியோ என்னும் சிறுவன் அனியேனே ஆற்றில் மூழ்கும்போது, வளர்ந்துவிட்ட அதே ரிச்செத்தோ பார்த்துவிட்டு நழுவிப் போகிறான். இடையில் அவனுக்கு வாய்த்தவை சிறையும் கூலிவேலையும். நுகர்வுச் சமூகம் முழுதாக வந்து சேருமுன்பே அந்த உடல் பழக்கப்படுத்தப்பட்டுவிட்டது.

பெண்ணுடலைப் பற்றியும் ஒரு சொல். 1975 ஜனவரியில் அதே நாளிதழில் கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்குவதற்கு எதிராக எழுதினார். அதிகாரத்தின் அடிச்சுவடு இளைஞரின் நீள்முடியில்கூடத் தெரிந்த அவருக்கு, விரும்பாத கருவைச் சுமப்பவள்மீது செலுத்தப்படும் அதிகாரம் தெரியாமற்போனது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

மறுமொழி 3:

'பெத்ரோலியோ'வையும் இங்கே சேர்க்க வேண்டும். 1975 நவம்பர் 2 அன்று ரோமையொட்டிய கடற்கரைப் பகுதியான ஒஸ்தியாவில் அவர் கொல்லப்பட்டபோது முடிவுறாமல் கிடந்து, 1992இல் வெளிவந்த நாவல் அது. அரசின் எண்ணெய் நிறுவனத்தில் பணியாற்றும் பொறியாளன் கார்லோ இரண்டு ஆட்களாகப் பிளவுபடுகிறான்: ஒருவன் பதவியின் படிகளில் ஏறுகிறான், மற்றவன் காமத்தைத் தேடி அலைகிறான். பின்னர் அவன் உடல் பெண்ணுடலாக மாறுகிறது. காசிலீனா சாலையையொட்டிய புல்வெளியில் இருபது ஏழை இளைஞர்களிடம் ஒருவர்பின் ஒருவராகத் தன்னை ஒப்படைக்கிறான். ஏழையின் உடலைப் பார்த்து ரசித்தவனுடைய உடலே இங்கே ஏழையின் கைக்குப் போய்விடுகிறது. தன் பார்வையின் அதிகாரத்தை அவர் அறிந்திருந்தார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆயினும் ஆளப்படுவதற்கு அவன் பெண்ணாக வேண்டியிருக்கிறது என்பதைக் கவனித்தால், மேலே எழுதிய தோழியின் வருத்தம் அப்படியே நிற்கிறது.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. 'தளர்ந்தன' என்ற சொல்லை நான் யோசிக்காமல் எழுதிவிட்டேன். 1955 நாவலிலிருந்து மறுபடி தொடங்குகிறேன். ரிச்செத்தோ நழுவிப் போகுமிடத்தில் அச்சம் மிகுதியா, அல்லது பழக்கமா என்பதை இம்முறை நின்று பார்க்க வேண்டும்.