படிப்பைத் தேர்ந்தெடுத்த அந்த ஒரு நிமிடம்: உங்களுக்கு எப்படி நடந்தது?

கிண்டி_2008

அக்கா பையனுக்கு பிளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து வீட்டில் இதே பேச்சு. எனக்குப் பழையதெல்லாம் கிளம்பிவிட்டது, அதனால் எழுதுகிறேன். 2008 ஜூலை, பொறியியல் கவுன்சலிங். ஆன்லைன் எல்லாம் 2018-இல்தான் வந்தது, அதுவரை சான்றிதழ் ஃபைலைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் அண்ணா பல்கலைக்கழகத்துக்குத்தான் போக வேண்டும். கோவில்பட்டியிலிருந்து இரவு பஸ். அழைப்புக் கடிதத்தைக் காட்டினால் எனக்கும் கூட வருகிற ஒருவருக்கும் பாதி டிக்கெட். அப்பா வந்தார், தீப்பெட்டி ஆபீஸில் இரண்டு நாள் சம்பளம் போயிற்று.

கட்-ஆஃப் மார்க் 200-க்கு 178.25. இ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ்) என்று முடிவு செய்துதான் போனோம். அப்படி முடிவு செய்ததுகூட நாங்கள் இல்லை, எதிர்வீட்டு அண்ணன். ஹாலில் பெரிய திரை, கல்லூரிப் பெயர், பக்கத்தில் காலி இடங்கள். நாங்கள் பார்க்கப் பார்க்க நான் குறித்து வைத்த கல்லூரியில் 3 இருந்தது 1 ஆகி, அப்புறம் 0. எழுதிப்போன தாள் செல்லாமல் போய்விட்டது. பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மா, யாரென்றே தெரியாது, "புரொடக்‌ஷன் இருக்கு பாருங்க, நல்ல காலேஜ்" என்றார். உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் நான் அதையே சொல்லிவிட்டேன். ஆபரேட்டர் தட்டிக்கொண்டிருக்கும்போது அப்பா என் காதில் கேட்டார், "புரொடக்‌ஷன்னா என்னடா?" "தெரியலப்பா." அவ்வளவுதான். பிரிண்ட் வந்துவிட்டது.

நான்கு வருடம் படித்துவிட்டு இப்போது சென்னையில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் பார்க்கிறேன். வருத்தமெல்லாம் இல்லை. அப்பா கேட்டதற்கு இன்றுவரை நான் பதில் சொல்லவில்லை என்பதுதான் உறுத்துகிறது. அவரும் அப்புறம் கேட்கவில்லை. உங்களுக்கு எப்படி நடந்தது?

நாலாம்_நம்பர்

எனக்கு அதற்கு இரண்டு வருடம் முன்னாலேயே முடிந்துவிட்டது. பத்தாம் வகுப்பில் 500-க்கு 391, கணக்கில் 71. பதினொன்றாம் வகுப்பு விண்ணப்பத்தில் 'விரும்பும் பிரிவு' என்ற கட்டத்தில் 1 என்று எழுதியிருந்தேன். எங்கள் பள்ளியில் ஒன்று என்றால் கணக்கு-உயிரியல், நாலு என்றால் காமர்ஸ். தலைமையாசிரியர் மார்க் ஷீட்டைப் பார்த்தார், பச்சை மைப் பேனாவை எடுத்தார். என் 1-ஐ அடிக்கவில்லை. அதற்கு இடது பக்கம் ஒரு சாய்வுக் கோடு, குறுக்கே ஒரு கோடு, அதையே 4 ஆக்கிவிட்டார். நீல மை ஒன்று, பச்சை மை இரண்டு. "இதுலயும் நல்லா வரலாம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இப்போது நான் சி.ஏ. முடித்து பிராக்டிஸ் செய்கிறேன். எங்கள் காலத்தில் ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது ஆடிட்டரிடம் வேலை பழகுவது, மூன்று வருடம் (2023-இல் அதை இரண்டாகக் குறைத்துவிட்டார்கள், கொடுத்து வைத்த பிள்ளைகள்). நன்றாகவே இருக்கிறேன். பதினொன்றாம் வகுப்பிலேயே முதல்முதலாக டிரையல் பேலன்ஸ் இரண்டு பக்கமும் டேலி ஆன அன்றைக்கு எனக்கு இது பிடித்துப்போய்விட்டது. ஆனாலும் ஏதாவது ஃபார்மில் 4 என்று எழுதும்போதெல்லாம் கை ஒரு நொடி நிற்கிறது.

லேத்_பட்டறை_கோவை

கிண்டி சார், உங்க அப்பா கேட்டதுக்கு நான் பதில் சொல்றேன். நீங்க நாலு வருஷம் படிச்சுட்டு விட்டுட்டுப் போனதைத்தான் நான் தினமும் பண்ணிட்டிருக்கேன். ஒரு பொருளை ஒண்ணு செய்றது வேற, அதையே ஆயிரம் செய்து ஆயிரமும் ஒரே அளவில் வர வைக்கிறது வேற. அந்த ரெண்டாவதுதான் புரொடக்‌ஷன். அப்பாகிட்ட இப்பவே சொல்லிடுங்க.

என் கதை சின்னது. ஒன்பதாவது படிக்கும்போது வீட்டு மோட்டாரில் ஒரு ஷாஃப்ட் தேய்ந்துவிட்டது, ஆவாரம்பாளையத்தில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அங்கே லேத்தில் இரும்பு சுற்றிக்கொண்டிருந்தது. கட்டிங் டூல் தொட்ட இடத்திலிருந்து சுருள் சுருளாக சிப்ஸ் வந்து விழுகிறது, வரும்போது வெள்ளி நிறம், விழுவதற்குள் நீலம், மயில் கழுத்து மாதிரி. "தம்பி தொடாத, சுட்டுப்போடும்" என்றார் ஓனர். தொட்டேன். சுட்டது. கட்டைவிரலில் இன்னமும் தழும்பு இருக்கிறது. அந்த நீலம் சூட்டினால் வருவது, கிட்டத்தட்ட 300 டிகிரிக்குப் போனால்தான் இரும்பு அந்த நிறம் காட்டும் என்பதெல்லாம் ஐ.டி.ஐ.யில் டர்னர் சேர்ந்த பிறகு தெரிந்தது. கட்டிங்கில் பிறக்கிற சூட்டில் பெரும்பங்கை அந்தச் சுருள் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது, அதனால்தான் ஜாப், அதாவது நாம் கடைகிற பொருள், தப்பிக்கிறது. இதை எனக்கு அன்றைக்கே யாராவது சொல்லியிருந்தால் பத்தாவதில் இயற்பியலை ஒழுங்காகப் படித்திருப்பேன்.

இன்னொன்று. ஐ.டி.ஐ. என்றாலே பெயிலானவன் போகிற இடம் என்று நினைக்கிறவர்கள் இங்கே இருப்பீர்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு வருட டிரேடு முடித்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருடம் சேரலாம். டிப்ளமோ முடித்தால் பி.இ.யிலும் நேரடியாக இரண்டாம் வருடம். நடுவில் அப்ரண்டிஸ் போனால் கையில் உதவித்தொகையும் வரும், பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை ஐ.சி.எஃப்.பிலேயே எடுக்கிறார்கள். கொஞ்சம் சுற்றுவழிதான், ஆனால் பி.இ. சர்டிஃபிகேட் கையில் வரும்போது மைக்ரோமீட்டர் பிடிக்கத் தெரிந்திருக்கும். அதில் ஒரு கோடு 0.01 மில்லிமீட்டர், தலைமுடியின் தடிமனில் ஏழெட்டில் ஒரு பங்கு. அதை விரலால் உணர்ந்தவனுக்கும் புத்தகத்தில் படித்தவனுக்கும் வித்தியாசம் இருக்கு சார். சரி, நிறைய பேசிவிட்டேன்.

செங்கம்_டீச்சர்

எல்லாரும் மாணவராக இருந்த கதையைச் சொல்கிறீர்கள். நான் மேசைக்கு இந்தப் பக்கம்.

அரசு மேல்நிலைப் பள்ளி, 2022. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு பொறியியலுக்கும் வந்து இரண்டாவது வருடம். கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் வரைக்கும் அரசே கட்டுகிறது என்றதும் எங்களுக்கெல்லாம் ஒரு வெறி, ஒரு பிள்ளையையும் விடக்கூடாது என்று. பிரவுசிங் சென்டரில் பையனைப் பக்கத்தில் உட்கார வைத்து விருப்பப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன். கட்-ஆஃப் 131. அவன் மாமா மோட்டாருக்கு காயில் கட்டுகிறவர், பள்ளிக்கூடம் விட்டால் இவனும் அங்கேதான். விரல் இடுக்கில் வார்னிஷ் கறை, நகத்தில்கூட. பக்கத்தில் உட்கார்ந்தாலே அந்த வாடை வரும். "ட்ரிபிள் ஈ போடலாமா மிஸ்" என்றான், மெதுவாக. எலக்ட்ரிகல் பிரிவு. நான் சொன்னேன், "கம்ப்யூட்டர் சயின்ஸ்தான்டா வேலை, அதை மேலே வைப்போம்." மவுஸ் என் கையில்தான் இருந்தது. ட்ரிபிள் ஈ பதினாலாவது இடத்துக்குப் போயிற்று. "நீங்க சொன்னா சரிதான் மிஸ்" என்றான்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்தது. பள்ளியில் பேனரில் அவன் படம். இரண்டாம் வருடத்தில் ஆறு அரியரோடு வந்துவிட்டான். இப்போது மாமாவோடு காயில் கட்டுகிறான். போன மாதம் எங்கள் வீட்டு போர் மோட்டார் புகைந்து அவனிடம்தான் போக வேண்டியதாயிற்று. நல்ல பையன், "வாங்க மிஸ்" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். காசு வாங்க மாட்டேன் என்றான். வம்படியாகக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சும்மா_ஒரு_அப்பா

எல்லாரும் ரொம்ப உணர்ச்சிவசப்படுகிறீர்கள். டீச்சர் அவர்களுக்கு: ட்ரிபிள் ஈ எடுத்திருந்தாலும் முதல் வருடக் கணக்கு அதேதான், அரியர் அங்கேயும் வந்திருக்கும். நாலாம் நம்பர் அவர்களுக்கு: தலைமையாசிரியர் செய்தது சரி என்று உங்கள் வாழ்க்கையே நிரூபிக்கிறதே, அப்புறம் என்ன?

நான் பி.எஸ்சி. இயற்பியல். வேறு எதுவும் கிடைக்கவில்லை, அதனால் சேர்ந்தேன். என் கதை அவ்வளவுதான்.

இப்போது உபயோகமாகச் சிலது. இரண்டு பிள்ளைகளுக்குக் கவுன்சலிங் முடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். விருப்பப் பட்டியலில் எல்லாரும் செய்கிற தப்பு, 'இது நமக்குக் கண்டிப்பாகக் கிடைக்கும்' என்பதை முதலில் வைப்பது. கம்ப்யூட்டர் மேலிருந்து கீழே வரும், உங்கள் ரேங்குக்குக் கிடைக்கிற முதல் இடத்தில் நின்றுவிடும். கிடைப்பதை மேலே வைத்தால் அதற்குக் கீழே நீங்கள் ஆசைப்பட்டு வைத்த எதையும் அது திரும்பிப் பார்க்காது. ஆசையின் வரிசைதான் பட்டியலின் வரிசை. போன வருடக் கட்-ஆஃப் என்பது அந்தப் பிரிவில் கடைசியாக உள்ளே போனவருடைய மார்க், அதைப் பார்க்கும்போது உங்கள் சமூகப் பிரிவுக்கு உள்ள எண்ணைப் பாருங்கள், பொது எண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள். தாராளமாக நிறைய இடங்கள் போடுங்கள், காசா பணமா. தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் கொடுத்த கெடுவுக்குள் உறுதி செய்ய வேண்டும், அசந்து தூங்கினால் இடம் போய்விடும். 'ஏற்கிறேன், மேலே ஏதாவது காலியானால் அதற்கு மாறுகிறேன்' என்று ஒரு வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்தத் தெரியாமல் அழுதவர்களை எனக்குத் தெரியும். கல்லூரியை நேரில் போய்ப் பாருங்கள். வாசல் வளைவைப் பார்க்காதீர்கள், லேப்பைக் காட்டச் சொல்லுங்கள், சாவி யாரிடம் என்று தேடினால் திரும்பி வந்துவிடுங்கள்.

நாலாம்_நம்பர்

அப்பா அவர்களே, நன்றாக வந்துவிட்டால் கேட்காமல் செய்ததும் சரியாகிவிடுமா? அவர் என்னிடம் 'கணக்கில் 71தானே, கஷ்டப்படுவியே, என்ன சொல்றே' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே நாலு போட்டிருப்பேனோ என்னவோ. கிண்டி சாராவது அவர் வாயால் சொன்னார்.

கிண்டி_2008

வாயால் சொன்னேன், ஆனால் அது பக்கத்து நாற்காலி அம்மாவின் வாய் :)

டீச்சர், 14-க்குத் தள்ளியது எனக்கு இரண்டு நாளாக மண்டையில் ஓடுகிறது. எங்கள் ஊரில் அப்படி உட்கார்ந்து போட்டுக் கொடுக்கவே யாரும் இல்லை. அதனால் உங்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

லேத்_பட்டறை_கோவை

டீச்சர், அந்தப் பையனுக்கு வயசு ஒண்ணும் ஆகிடலை. காயில் கட்டத் தெரிஞ்சவன் பாதி எலக்ட்ரீஷியன். டிரேடு சேரச் சொல்லுங்க, மேலே எழுதினேன் பாருங்க, அதே வழிதான்.

ஊசிக்காரி

நான் அதிகம் எழுத மாட்டேன், டூட்டி முடிந்து வந்திருக்கிறேன்.

2012, நாகப்பட்டினம் பக்கம். கரண்ட் எப்போது போகும் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத வருடம் அது. அப்பாயிக்கு வயிற்றுப்போக்கு, ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும், இரவு ஒன்பது மணி, கரண்ட் போய்விட்டது. உடம்பில் தண்ணீரே இல்லாததால் நரம்பு அப்படியே படுத்துவிட்டது. பகலில் இரண்டு பேர் குத்திப் பார்த்து கை வீங்கியிருந்தது. நான் செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டு "தெரியுதா சிஸ்டர், தெரியுதா சிஸ்டர்" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அந்த சிஸ்டர் ஐம்பது வயது இருக்கும், என் கையைப் பிடித்து டார்ச்சை நகர்த்திவிட்டார். "வெளிச்சம் வேணாம்மா. இந்த நரம்பு கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும்." முழங்கைக்குக் கீழே இரண்டு விரலை வைத்து அழுத்தினார், விட்டார், அழுத்தினார். அப்புறம் என் விரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். ஈரத்துணிக்கு அடியில் நூல் ஓடுகிற மாதிரி ஒன்று, மெத்தென்று. ஒரே குத்து, ரத்தம் வந்துவிட்டது.

நான் அப்போது பதினொன்றாம் வகுப்பு, என்ன படிக்கிறாய் என்று யார் கேட்டாலும் டாக்டர் என்று சொல்லிக்கொண்டிருந்த ரகம். அடுத்த நாளிலிருந்து சொல்லவில்லை. பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடம். வீட்டில் ஒரு வருடம் என்னோடு யாரும் சரியாகப் பேசவில்லை, அது வேறு கதை. இப்போது வார்டுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் அதையேதான் சொல்கிறேன், நரம்பு விரலுக்குத்தான் தெரியும் என்று. நானே கண்டுபிடித்த வசனம் என்று நோட்டில் எழுதி வைத்துக்கொள்கிறார்கள். அந்த சிஸ்டர் பெயரை நான் கேட்கவே இல்லை.

செங்கம்_டீச்சர்

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். போர் மோட்டார் எடுக்கப் போன அன்று அந்தப் பையன் என்னிடம் ஒன்று கேட்டான், மேலே எழுதாமல் விட்டுவிட்டேன். "மிஸ், நீங்க எப்படி மிஸ் டீச்சர் ஆனீங்க?" குத்திக் கேட்கவில்லை, சும்மா பேச்சுக்குத்தான். எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ஆசிரியர் பயிற்சிப் பள்ளி இருந்தது, அங்கே சேர்த்துவிட்டார்கள், பிறகு அப்படியே பி.ஏ., பி.எட். என்று போயிற்று. அதைச் சொல்ல வாய் வரவில்லை. "எனக்குப் பிள்ளைங்கன்னா பிடிக்கும்டா" என்றேன்.

புதுசு_171

வணக்கம், முழுவதும் படித்தேன், அருமை. என் மகனுக்குக் கட்-ஆஃப் 171. இ.சி.இ. போடலாமா மெக்கானிக்கல் போடலாமா? அவசரம், பட்டியல் போட இன்னும் நாலு நாள்தான் இருக்கிறது.

சும்மா_ஒரு_அப்பா

சமூகப் பிரிவு ரேங்க் எவ்வளவு? அது தெரியாமல் ஒன்றும் சொல்ல முடியாது.

லேத்_பட்டறை_கோவை

எந்த ஊருங்க? கோவைப் பக்கம்னா சனிக்கிழமை காலையில் பையனைப் பட்டறைக்கு அனுப்புங்க, ரெண்டு மணி நேரம் நிக்கட்டும், டீ வாங்கித் தர்றேன். செருப்பு வேண்டாம், ஷூ போட்டு வரச் சொல்லுங்க. தரையெல்லாம் சிப்ஸ்.