‘புலி வருது’ கதையாலை பிள்ளை பொய்யை விடுமோ?

நெல்லியடியான்:
கோயில் அறநெறி வகுப்புக்கு, 5 தொடக்கம் 10 வயதுப் பிள்ளையளுக்கு, உண்மை பேசுறது பற்றின கதை வரிசை ஒண்டு: ‘புலி வருது’, விறகுவெட்டியும் தங்கக் கோடாலியும், பசுவும் புலியும், கடைசியிலை அரிச்சந்திரன். ஞாயிறுக்கு ஒரு கதை, 20 நிமிசம். இதுக்கு மேலை ஒண்டும் தேவையில்லை எண்டதுதான் என்ரை கட்சி. எங்கடை அம்மம்மா, அப்பம்மாமார் இந்தக் கதையளாலைதான் பிள்ளையளை வளர்த்தவை. மறுப்பிருந்தால் காரணத்தோடை சொல்லுங்கோ.

வடலி:
முதல் கதையே சறுக்குகிறது. கனடாவில் விக்டோரியா டல்வார், காங் லீ குழுவினர் 3 முதல் 7 வயது வரையான 268 பிள்ளைகளை வைத்து இதைச் சோதித்து 2014இல் வெளியிட்டார்கள். பிள்ளைக்குப் பின்னால் ஒரு விளையாட்டுப் பொருள். சத்தத்தை மட்டும் வைத்து அது என்னவென்று சொல்ல வேண்டும். “திரும்பிப் பார்க்காதே” என்று சொல்லிவிட்டுப் பெரியவர் வெளியே போவார். திரும்பி வந்து ஒரு கதை வாசிப்பார். அதன் பிறகுதான் “பார்த்தனியோ?” என்ற கேள்வி.

‘புலி வருது’ கதை (அங்கே ஓநாய்), மூக்கு நீளும் பினோக்கியோ கதை இரண்டும் ஆமை–முயல் கதையை விட ஒரு பலனும் தரவில்லை. செரி மரத்தை வெட்டிவிட்டுத் தகப்பனிடம் ஒத்துக்கொண்ட ஜோர்ஜ் வாஷிங்டன் கதையைக் கேட்ட பிள்ளைகள்தான் கூடுதலாக உண்மை சொன்னார்கள். அந்தக் கதையையே பொய்யின் கெடுதியைக் காட்டும்படி மாற்றிச் சொன்னதும் பலன் போய்விட்டது. அதாவது பொய் சொன்னவனுக்கு விழும் அடி பிள்ளையை அசைக்கவில்லை. உண்மை சொன்னவனுக்குக் கிடைத்த அணைப்பு அசைத்தது.

நெல்லியடியான்:
அந்தச் செரி மரக் கதையே வீம்ஸ் எண்ட ஒரு பாதிரியார், வாஷிங்டன் செத்த பிறகு எழுதின புத்தகத்தின்ரை 1806ஆம் ஆண்டுப் பதிப்பிலை சொருகின புளுகு. உண்மை பேசப் பழக்க ஒரு பொய்க் கதை! சரி, அது கிடக்கட்டும்.

முன்பின் தெரியாத ஆள் ஒருக்கா வாசிச்ச கதையையும், வீட்டிலை நூறுதரம் கேட்ட கதையையும் ஒரே தராசிலை வைக்கேலாது. மற்றது, ‘புலி வருது’ தண்டனைக் கதையில்லை. மூண்டாந்தரம் ஊர்ச்சனம் ஏன் வரேல்லை? அவனிலை கோபமில்லை, அவன்ரை சொல்லிலை நம்பிக்கையில்லை. நம்பிக்கை எண்டது எப்பிடிக் கரையுது எண்டதை இதைவிடச் சுருக்கமாச் சொல்லுற கதை எது?

கிளுவை:
ரெண்டு பேரும் எந்தக் கதையைத் தெரிவு செய்யிறது எண்டதைப் பற்றியே கதைக்கிறியள். சொல்லுற விதத்திலைதான் முக்கால்வாசியும் பிழைக்குது.

தங்கக் கோடாலியை எடுங்கோ. கடைசியிலை மூண்டு கோடாலியும் கிடைக்குது. ஆறு வயதுப் பிள்ளைக்கு அதிலை விளங்கிறது, உண்மை சொன்னால் தங்கம் வரும். அடுத்தநாள் உண்மை சொல்லிப்போட்டு “எனக்கு என்ன தருவியள்?” எண்டு நிக்கும். அதாலை தங்கக் கோடாலியை “இது என்ரையில்லை” எண்டு அவன் சொல்லுற இடத்திலை கதையை நிப்பாட்டுங்கோ. “தேவதை இரும்புக் கோடாலியை மட்டும் குடுத்துப்போட்டுப் போனால் அவன் என்ன நினைச்சிருப்பான்?” எண்டு கேளுங்கோ. கேட்டுப்போட்டு வாயை மூடிக்கொண்டு இருக்கவேணும். பத்து எண்ணுறவரைக்கும் ஒருத்தரும் பேசாமல் இருப்பினம், அதுக்குப் பயந்து நீங்களே பதில் சொல்லிப்போடாதேங்கோ. முடிவைப் பிறகு சொல்லலாம்.

“இந்தக் கதையிலை இருந்து என்ன படிச்சனியள்?” எண்ட கேள்வி வேண்டவே வேண்டாம். “பொய் சொல்லக்கூடாது ரீச்சர்” எண்டு எல்லாரும் ஒரே ராகத்திலை பாடுவினம், அவ்வளவுதான். வகுப்பிலை கள்ளம் செய்த பிள்ளை இருக்கிற அண்டைக்கு அதுக்குப் பொருத்தமான கதையைத் தூக்கவும் கூடாது. இருபது தலை அந்தப் பிள்ளையின்ரை பக்கம் திரும்பும். கதை அங்கேயே செத்துப்போகும்.

வடலி:
கதையை எவ்வளவு அழகாகச் சொன்னாலும், அதன் பிறகு பெரியவர் கேட்கும் கேள்வி அதைக் கெடுத்துவிடலாம். சுவரில் ஊதாக் கீறல், பிள்ளையின் விரலிலும் ஊதா. அப்போது “ஆர் கீறினது?” என்று கேட்பது பிள்ளையைப் பொய்க்குள் தள்ளுவதுதான். தெரிந்த விஷயத்தைக் கேள்வியாக்கக் கூடாது. “கீறிப்போட்டாய், தண்ணியும் துணியும் எடுத்து வா, துடைப்பம்” என்றால் பொய்க்கு இடமில்லை, திருத்த வேலையும் நடக்கும். உண்மையிலேயே தெரியாவிட்டால், கேட்பதற்கு முன் “உண்மை சொல்லுவன் என்று சொல்லு” என்று வாக்கு வாங்குங்கள். அப்படி வாக்கு வாங்குவது பொய்யைக் குறைக்கிறது என்று ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வுகள் சொல்கின்றன.

ஐந்துசந்தி:
பசு–புலிக் கதையிலை ஒரு பெரிய ஆபத்து இருக்கு, ஒருத்தரும் கவனிக்கேல்லை. கண்டுக்குப் பால் குடுத்துப்போட்டு வாறன் எண்டு சொன்ன பசு, தன்னைத் தின்னப்போற புலியிட்டைத் திரும்பிப் போகுது. பெரியாக்களுக்கு அது உருக்கம். சின்னப்பிள்ளைக்கு? கெட்டவனுக்குக் குடுத்த வாக்கையும் காப்பாத்தவேணும் எண்டு பதிஞ்சால், “இதை அம்மாட்டைச் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணு” எண்டு ஒருத்தன் கேக்கேக்கை அந்தப் பிள்ளை என்ன செய்யும்? கதை முடிஞ்ச கையோடை சொல்லுங்கோ: பயப்படுத்தி வாங்கின சத்தியம் சத்தியமில்லை, உடம்பைத் தொடுறது, அடி, “ஒருத்தருக்கும் சொல்லாதை” எண்ட இரகசியம், இது மூண்டையும் வீட்டிலை சொன்னால் வாக்கு மீறினதாகாது. இந்த நாலு வரியைச் சொல்ல மனமில்லையெண்டால் கதையை விட்டிடுங்கோ.

நெல்லியடியான்:
அதைச் சேர்க்கிறன். எட்டு வயதுக்குக் கீழை பசு–புலியைச் சொல்லவும் மாட்டன்.

ஆனால் அரிச்சந்திரனிலை கை வைக்க விடமாட்டன். யாழ்ப்பாணத்து நடிகமணி வி. வி. வைரமுத்துவின்ரை அரிச்சந்திரன் மயான காண்டம் நாடகம் பார்க்க இந்த ஊர்ச்சனம் விடியவிடிய மணலிலை இருந்தது. சின்ன வயதிலை அரிச்சந்திரன் நாடகம் பார்த்த காந்தி, அது தன்னை விடாமல் துரத்தினதெண்டு சத்திய சோதனையிலை எழுதியிருக்கிறார். எந்த ஆய்வுக்கூடம் இதை அளக்கும்?

வடலி:
காந்தி ஒருவர்தானே! கதையைப் பாருங்கள்: நாடு போகிறது, மனைவியையும் மகனையும் விற்கிறான், மகன் லோகிதாசன் பாம்பு கடித்துச் சாகிறான், சுடலையில் சொந்த மனைவியிடமே கூலி கேட்கிறான். ஏழு வயதுப் பிள்ளைக்கு இதில் எஞ்சுவது, உண்மை பேசினால் தம்பி செத்துப்போவான் என்ற பயம். 12 வயதுக்குப் பிறகு, 292ஆம் குறளோடு சேர்த்து வையுங்கள். நன்மை தரும் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்கிறார் வள்ளுவர். அரிச்சந்திரன் அதை ஒத்துக்கொள்வானா? அந்த வயதில் நல்ல சண்டை வரும், அதுதான் பாடம்.

கிளுவை:
அடியைப் பற்றியும் கதைக்கவேணும். மேற்கு ஆபிரிக்காவிலை இரண்டு பாடசாலையை ஒப்பிட்டு இதே டல்வாரும் லீயும் 2011இலை எழுதினவை. ஒண்டிலை கம்பு, மற்றதிலை இல்லை. கம்பிருந்த இடத்துச் சின்னப் பிள்ளையள் கூடப் பொய் சொன்னது மட்டுமில்லை, பிடிபடாமல் சொல்லவும் பழகியிருந்தவை. இஞ்சை இலங்கையிலை பாடசாலையிலை அடிக்கக்கூடாதெண்டு 2005இலேயே சுற்றறிக்கை வந்திட்டுது. அறநெறி வகுப்பிலையும் வீட்டிலையும் என்ன நடக்குதெண்டு எல்லாருக்கும் தெரியும். ஞாயிறு காலமை கோடாலிக் கதை, பின்னேரம் உண்மை சொன்னதுக்குப் பூவரசங்கம்பு எண்டால், பிள்ளை கம்பைத்தான் நம்பும்.

நெல்லியடியான்:
பெற்றோருக்குத் துண்டு எழுதிக் குடுக்கிறன்: கதை சொன்ன கிழமை பிள்ளை தானா வந்து ஒத்துக்கொண்டால் முதலிலை “சொன்னது நல்லது”, பிறகுதான் உடைஞ்சதைப் பற்றின கதை. வரிசையிலை கோடாலி முன்னுக்கு, ‘புலி வருது’ ரெண்டாவது. அதை எடுக்கமாட்டன்.

வடலி:
வைத்திருங்கள். ஆனால் அடுத்தநாள் அந்தப் பெடியன் ஊருக்குள் போய் “நேற்று மட்டும்தான் உண்மை சொன்னனான்” என்று ஒத்துக்கொள்கிற மாதிரி ஒரு துண்டு சேர்த்துச் சொல்லிப் பாருங்கள்.

நெல்லியடியான்:
ஆட்டைப் புலி திண்டதோடை கதை முடியுது. துண்டு ஒட்டமாட்டன்.