ஸ்லேட் கல் சோதனை: 0 டிகிரியில் மாட்டிக்கொண்டேன், உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. முதுநிலை புராஜெக்டுக்காக ஆந்திராவின் மார்க்காபூர் ஸ்லேட் கல்லை அழுத்தி உடைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சின்ன வயதில் நாம் எழுதிய சிலேட்டுப் பலகை இந்த வகைக் கல்தான், தகடு தகடாக உரியும். அந்த உரியும் தளம் கல்லின் வலிமையை எவ்வளவு குறைக்கிறது என்பதுதான் என் தலைப்பு.

அழுத்தும் திசைக்கும் தளத்துக்கும் உள்ள கோணத்தை 0 முதல் 90 டிகிரி வரை மாற்றி உருளை மாதிரிகள் எடுத்தேன். பாறை வலிமை ஆய்வாளர் ஜேகர் 1960இல் தந்த கணக்குப்படி, 45இலிருந்து தளத்தின் உராய்வுக் கோணத்தில் (தளம் வழுக்காமல் எவ்வளவு தாங்கும் என்பதைக் காட்டும் கோணம்) பாதியைக் கழித்தால் வரும் கோணத்தில்தான் கல் மிகப் பலவீனம். உராய்வுக் கோணம் 30 என்றால் விடையும் 30. எனக்கும் சரியாக அங்கேதான் தளத்தோடு வழுக்கி உடைந்தது. பார்த்தபோது அவ்வளவு சந்தோஷம்!

சிக்கல் 0 டிகிரியில். கணக்கில் 0, 90 இரண்டுக்கும் ஒரே வலிமை. எனக்கோ 0இல் ஒவ்வொரு முறையும் குறைவாகவே வருகிறது. மாதிரி வழுக்குவதில்லை, விறகு போல நெடுக்காகப் பிளக்கிறது. இந்தப் புள்ளிகளையும் ஜேகர் கணக்கு தரும் கோணம்-வலிமை வளைகோட்டிலேயே பொருத்தலாமா, இல்லை இழுவிசைப் பிளவு என்று தனியாகக் காட்ட வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

அப்புறம் இன்னொன்று. 15, 30 டிகிரியில் உருளை மாதிரி எடுக்கக் கல்லைத் துளைக்கும்போதே பாதி மாதிரிகள் உரிந்துபோகின்றன. வேகத்தைக் குறைத்தும் பலனில்லை. கல்லை சிமெண்டில் புதைத்துத் துளைத்தால் நிற்குமா? உடைந்த மாதிரிகளின் படங்கள் இருக்கின்றன, கேட்டால் போடுகிறேன்.